மூன்றாம் முறை சொன்ன எண்

கூட்டிக் கழித்து விடை சொல்கிறவர்கள் இந்தக் கதையில் தோற்றுப்போவார்கள் என்று முதலிலேயே எச்சரித்துவிடுகிறேன். யாருக்காகவாவது ஏங்கிக் காத்திருந்தவர்களுக்கு விடை சீக்கிரமே தெரிந்துவிடும்.

சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை வெடித்ததில் பூவலிங்கத்தின் பத்து விரல்களும் வெந்துபோயின. உயிர் தப்பியது, ரேகை தப்பவில்லை. மாற்றுத்திறனாளி உதவித்தொகை கிடைத்தது. ஆனால் பணம் எடுக்கப் போனால் விரலை வை என்றது மெஷின். இல்லாத ரேகையை எங்கே போய் வைப்பது? அலைந்து திரிந்த பிறகு, கைபேசிக்கு வரும் ஆறு இலக்க எண்ணைச் சொன்னால் பணம் என்று ஏற்பாடானது. அப்போது வீட்டில் இருந்தது ஒரே கைபேசி. அதுவும் மனைவி ராமுத்தாயின் பெயரில் வாங்கியது. அந்த எண்ணையே எழுதிக் கொடுத்தார்கள்.

விபத்துக்கு முன்பு ராமுத்தாயின் தம்பி வங்கியில் ஒரு கடன் வாங்கியிருந்தான். பூவலிங்கம்தான் ஜாமீன் கையெழுத்துப் போட்டவன். தம்பி கம்பி நீட்டிவிட்டான். நோட்டீஸ் பூவலிங்கத்தின் பெயருக்கு வந்தது. அதைப் பார்த்த ராமுத்தாய் கூனிக் குறுகிப்போய், திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கிளம்பினாள்.

"எந்தம்பி கடன அடைச்சிட்டுத்தான் இந்த வாசப்படிய மிதிப்பேன். அதுவரைக்கும் என்னயக் கூப்பிட்டுப் பேசாதீக. பேசினீகன்னா ஓடி வந்துருவேன்" என்றாள். கைபேசியும் அவளோடு போயிற்று.

பேசக் கூடாதுதான். ஆனால் பணம் எடுக்க எண் வேண்டுமே! மாதம் ஒருமுறை, அன்னசெல்வி நடத்தும் இ-சேவை மையத்திலிருந்து பூவலிங்கம் அவளை அழைப்பான். அவள் சொல்லும் எண் தப்பாக இருக்கும். மறுபடி அனுப்பினால் மறுபடியும் தப்பு. அடுத்த எண் வந்து சேரும்வரை சும்மா இருக்க முடியாதல்லவா?

"சாப்ட்டீகளா?"

"ம்."

"கையில எரிச்சல் இருக்கா?"

"இல்ல. நீ ஒறங்குதியா?"

மூன்றாவது எண் சரியாக இருக்கும். அத்தோடு அந்த மாதம் முடிந்தது. அடுத்த மாதம் வரை அவன் அந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு வாழ்வான்.

அன்னசெல்விக்கு எரிச்சல் தாங்காது. போனை வாங்கிக் கத்துவாள். "மதினி, மூணாவது தடவையும் தப்பாச் சொன்னீகன்னா லாக் ஆயிரும். அப்புறம் நம்பருக்குச் சொந்தக்காரி நீங்கதான் அடையாள அட்டையோட நேர்ல வரணும், ஆமா!"

"சரி தாயி" என்பாள் ராமுத்தாய். இத்தனைக்கும் பனியன் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

இன்னொரு சங்கதியும் இருந்தது. வங்கி மாதாமாதம் உதவித்தொகையில் பாதியைத் தம்பி கடனுக்குப் பிடித்துக்கொண்டிருந்தது. பூவலிங்கம் வாயே திறக்கவில்லை. மனைவியிடம் முழுப் பணமும் வருவதாகச் சொன்னான். கடன் கரையக் கரைய அவள் வரும் நாள் பக்கத்தில் வரும் என்று, மீதிப் பாதியில் காலம் தள்ள ஒரு வேளைச் சோற்றையும் நிறுத்திவிட்டான்.

இது தெரிந்ததும் அன்னசெல்வி கொதித்துப்போனாள். வெந்த கைக்குக் கொடுக்கிற காசிலா கடனைப் பிடிப்பது? அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வங்கிக்கு மனு எழுதினாள். மேலாளர் படித்துப் பார்த்துவிட்டு, பிடித்தத்தை நிறுத்துவதாக ஒப்புக்கொண்டார். அதோடு விட்டாளா? பூவலிங்கத்தின் பெயரில் புது சிம் ஒன்றும் வாங்கி வந்தாள்.

"இனிமே திருப்பூருக்குப் போன் போட்டு மல்லுக்கட்ட வேண்டாம் அண்ணாச்சி. நம்பர மாத்திருவோம்."

இரண்டுமே நல்ல காரியம்தான். பூவலிங்கத்துக்கு மட்டும் இரண்டுமே நஷ்டம். கடன் கரைய இனி வருஷக்கணக்காகும். மாதம் ஒருமுறை கேட்ட குரலும் இனி கிடையாது. உதவி செய்தவளிடம் இதை எப்படிச் சொல்வது?

எண்ணை மாற்றவும் பழைய எண்ணுக்கே குறுஞ்செய்தி போகும். ராமுத்தாயை அழைத்தார்கள். முதல் எண் தப்பு. இரண்டாவதும் தப்பு. அன்னசெல்வி போனைப் பிடுங்கினாள்.

"மதினி, இந்தத் தடவையாவது சரியாச் சொல்லுங்க. அண்ணாச்சி பணத்துல பாதிய பேங்க்ல பிடிச்சிக்கிட்டு இருந்திருக்காக. உங்ககிட்ட மறைச்சுட்டாரு. மனுசன் ஒருவேள பட்டினி கெடக்காரு. அத நிறுத்தியாச்சு. நம்பரையும் மாத்திட்டா உங்களுக்கும் தொல்லையில்ல."

 தையல் மெஷின்களின் சத்தத்துக்கு நடுவே ராமுத்தாய் ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக, நிதானமாகச் சொன்னாள். அன்னசெல்வி அடித்தாள். தப்பு. லாக் ஆகிவிட்டது.

"போச்சு! இந்த மாசப் பணமும் போச்சு!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பூவலிங்கம் வெந்த கைகளால் முகத்தை மூடிக்கொண்டான்.

நியாயமான காசைக் கேட்டு வாங்கிக் கொடுத்த அன்னசெல்வி, வயிற்றைக் கட்டி, காத்திருக்கும் நாளைக் குறைத்த பூவலிங்கம், மூன்று முறையும் தப்பாகச் சொல்லி வர வேண்டிய பணத்தையும் முடக்கிய ராமுத்தாய். இதில் யார் செய்தது சரி?

விடை: மூவரும் சரி என்று நழுவப் பார்ப்பவர்களுக்குப் பரிசு கிடையாது. அன்னசெல்வி நல்லது செய்தாள், ஆனால் உரியவனைக் கேட்கவில்லை. பூவலிங்கம் அன்பாகத்தான் மறைத்தான், ஆனாலும் மறைத்தான். ராமுத்தாய் செய்ததே சரி. தையல் பிசகைக் கண்டுபிடிக்கிறவளுக்கு ஆறு எண்ணைப் படிக்கத் தெரியாதா? இரண்டு முறை தப்பியது அவன் குரலைக் கேட்க, மூன்றாம் முறை தப்பியது அவனைப் பார்க்க. கடன் அடையாமல் வீட்டு வாசப்படியை மிதிப்பதில்லை என்று சொன்னவள்தான். இ-சேவை மையத்துக்கு வருவதில்லை என்று அவள் எப்போது சொன்னாள்? மறுநாள் காலை மையம் திறந்தபோது, ஒரு கையில் அடையாள அட்டையும் மறு கையில் சோற்றுத் தூக்குவாளியுமாய் அவள்தான் முதல் ஆளாக நின்றாள். சேதி கேட்டுப் பூவலிங்கமும் ஓடி வந்தான். "நம்பர மாத்திரலாமா மதினி?" என்று பயந்துகொண்டே கேட்டாள் அன்னசெல்வி. ராமுத்தாய் பூவலிங்கத்துக்குச் சோற்றை ஊட்டிக்கொண்டே சொன்னாள்: "மாத்து தாயி. கடன இங்கன இருந்தே அடைச்சுக்கிடுதேன்."