மலைச்சந்தையில் குளிர்ச்சித் தைலம்

பொன்னம்பலப் புலவருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. மலைநாட்டு மொழியைப் பன்னிரண்டு ஆண்டுகள் புத்தகம் வைத்துக் கற்றவர். அந்த மொழியின் இலக்கணத்தில் அவரை மடக்க ஆள் கிடையாது. அப்படிப்பட்டவர் வடிவாம்பாளிடம் சீடராகச் சேர்ந்தபோது ஊரே வியந்தது.

வடிவாம்பாள் அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். வணிகர்களோடு அயல்நாடுகளுக்குப் போய், விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் நின்று பேசுவது அவள் தொழில். அவர் அவளை அம்மா என்பார். அவள் அவரைப் புலவரே என்பாள்.

அந்த ஆண்டு ஆற்றோர ஊர் ஒன்றிலிருந்து வெட்டிவேர்த் தைலம் மலைச்சந்தைக்குப் புறப்பட்டது. நாற்பது கழுதைச் சுமை. வடிவாம்பாளும் புலவரும் கூடவே போனார்கள். வெள்ளத்தில் வயல்களைப் பறிகொடுத்தவர்கள் கூடிக் காய்ச்சிய தைலம் அது. விற்காமல் திரும்பினால் அவர்கள் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

குப்பிக்கு ஒரு சீட்டு. சீட்டில் தைலத்தின் பெருமை எட்டு வரி, அந்த ஊரார் எழுதிக் கொடுத்தது. அதை மலைமொழியில் பெயர்க்கும் வேலையைப் புலவரிடம் கொடுத்திருந்தாள் வடிவாம்பாள். ஒரு சொல் பிசகாமல் செய்து முடித்தார்.

முதல் நாள் ஒரு குப்பிகூட விலைபோகவில்லை. வந்தவர்கள் எடுத்தார்கள், படித்தார்கள், வைத்துவிட்டார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி முதல் வரியைப் படித்ததும் குழந்தையைப் போர்வைக்குள் இழுத்து மூடிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

'தேய்த்த உடனே உடல் குளிரும். உள்ளமும் குளிரும்' என்பது முதல் வரி.

"என் மொழியில் பிழை இருக்கிறதா, அம்மா?"

"இல்லையே."

"பிறகு ஏன் ஓடுகிறார்கள்?"

வடிவாம்பாள் பக்கத்துக் கடைக் கம்பளி வியாபாரியைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, உங்க ஊர்ல உடம்பு குளிர்ந்துபோச்சுன்னு யாரைச் சொல்வீங்க?"

அவர் குல்லாயைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "செத்தவங்களைத்தான், தாயி."

புலவருக்கு முகம் செத்துவிட்டது. அந்தக் குழந்தையின் முகம் கண்ணை விட்டுப் போகவில்லை. சீட்டுகளையெல்லாம் பிரித்தெடுத்தார். உடல் கதகதக்கும் என்று புதிதாக எழுதிக்கொண்டுவந்து நீட்டினார்.

அவள் ஒரு குப்பியைத் திறந்து அவர் உள்ளங்கையில் நான்கு சொட்டு விட்டாள்.

"கதகதக்குதா?"

"இல்லை. ஜில்லென்றுதான் இருக்கிறது."

"வாங்கிட்டுப் போனவங்க நாளைக்கு வந்து இதையே சொன்னா?"

புலவர் அந்தச் சீட்டையும் கசக்கினார்.

"குளிர்ச்சி என்றால் பயப்படுகிறார்கள். கதகதப்பு என்றால் பொய். இரண்டுக்கும் நடுவில் என்ன சொல் இருக்கிறது?"

"எனக்குத் தெரியாது, புலவரே. ஒரு குப்பியை எடுத்துக்கிட்டுக் கம்பளி நூற்கிற கொட்டகைக்குப் போங்க. காகிதம், எழுதுகோல் எல்லாம் இங்கேயே இருக்கட்டும்."

கொட்டகையில் இருபது பெண்கள் நூற்றுக்கொண்டிருந்தார்கள். பனிக்காற்றில் எல்லார் விரல்களும் வெடித்திருந்தன. புலவர் பேசிய மலைமொழியைக் கேட்டு அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கோயில் கல்வெட்டு எழுந்துவந்து பேசுவதுபோல இருக்கிறதாம். இரண்டு நாள் யாரும் கையை நீட்டவில்லை. குப்பியை மடியில் வைத்துக்கொண்டு சும்மாவே உட்கார்ந்திருந்தார். இந்த வயதில் இது தேவையா என்றுகூட நினைத்தார்.

மூன்றாம் நாள் நோமா என்பவளின் விரல் வெடிப்பிலிருந்து ரத்தம் கசிந்து வெள்ளைக் கம்பளியில் பட்டது. அவள் சலிப்போடு கையை நீட்டினாள். அவர் தேய்த்துவிட்டார். மாலையில் இன்னொரு முறை தேய்த்தார். மறுநாளும் தேய்த்தார்.

ஐந்தாம் நாள் நோமா விரல்களை மெல்ல மடக்கினாள், விரித்தாள், மறுபடி மடக்கினாள். பிறகு பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:

"விரல் மடங்குதுடி!"

புலவர் சந்தைக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார். மூச்சு வாங்க உட்கார்ந்து எழுதினார். ஒரே வரி. 'விரல் மடங்கும்.'

வடிவாம்பாள் அதைப் படித்துவிட்டு, "எல்லாக் குப்பியிலும் கட்டுங்க" என்றாள்.

மறுநாள் நான்கு பேர் வாங்கினார்கள். அதற்கு மறுநாள் கொட்டகைப் பெண்கள் அத்தனை பேரும் வந்தார்கள். மலைப்பாதையைப் பனி மூடுவதற்குள் சுமை முழுவதும் தீர்ந்தது.

கழுதைகள் வெறும் முதுகோடு இறங்கின. எல்லாரும் மகிழ்ச்சியாக நடந்தார்கள். புலவர் மட்டும் பின்தங்கியே வந்தார். மலையடிவாரத்தில் கழுதைகளுக்குத் தண்ணீர் காட்ட நின்றபோது அவர் வடிவாம்பாளிடம் வந்தார்.

"அம்மா, அந்த மக்கள் நம்பிக் கொடுத்தது எட்டு வரி. அதில் ஒன்றுகூட நான் எழுதியதில் இல்லை. அவர்களிடம் போய் என்ன பதில் சொல்வேன்?"

வடிவாம்பாள் ஒரு கழுதையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள்.

"அந்த எட்டு வரியும் நம்ம ஊர் வெயிலுக்கு எழுதினது, புலவரே. அடுத்த தடவை அந்த வெயிலையும் இதுங்க முதுகில ஏத்திக்கிட்டு வர முடிஞ்சா, ஒரு வரி விடாம எழுதிடுங்க."