நாற்பத்து மூன்று பேர் தொலைத்த ஒரே பை

தமுக்கடித்ததுதான் தப்பு.

கருவேலங்கோட்டையில் ஒரு சட்டம் இருந்தது. ராஜாவின் பாட்டனார் போட்டது. கண்டெடுத்த பணத்தை யாராவது அரண்மனையில் ஒப்படைத்தால், பை என்ன நிறம், உள்ளே எத்தனை காசு, எல்லாவற்றையும் ஊரறியத் தமுக்கடித்துச் சொல்ல வேண்டும். நடுவில் அதிகாரிகள் கை வைத்துவிடக் கூடாதே, அதற்காக. நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தில் எத்தனை ஓட்டை இருக்கும் என்று பாட்டனாருக்குத் தெரியவில்லை.

ஒருநாள் காலையில் கீரைக்காரி குப்பாயி குளத்தங்கரையில் ஒரு பையைக் கண்டெடுத்தாள். நேரே அரண்மனையில் கொண்டுவந்து வைத்தாள். தமுக்கடிக்கும் மாசிலாமணி சட்டப்படி முழங்கினான்.

“சிவப்புத் துணிப் பை! உள்ளே நாற்பது வெள்ளிப் பணம்! தொலைத்தவர் வரலாம்!”

வந்தார்கள். நாற்பத்து மூன்று பேர்.

எல்லோரும் சிவப்பு என்றார்கள். எல்லோரும் நாற்பது என்றார்கள். வரிசையின் கடைசியில் வண்டிக்காரன் குருந்தன் கையைக் கூப்பினான்.

“சாமி, சத்தியமா என்னுது. வண்டி மாடு ஒண்ணு செத்துப்போச்சு. வேற வாங்கச் சேத்த காசு. இன்னியோட மாட்டுச் சந்தை முடியுது. விட்டா இனி அடுத்த வருஷம்தான்.”

அவன் சொல்லி வாய் மூடவில்லை. “எனக்கும் மாடு செத்துப்போச்சு!” என்றான் முன்னால் நின்றவன். “எனக்கு ரெண்டு!” என்றான் அவனுக்கு முன்னால் நின்றவன். நின்ற இடத்திலேயே ஊரில் பாதி மாடு செத்தது.

பொக்கிஷ அதிகாரி ஏகாம்பரம் தொண்டையைச் செருமினார்.

“மகாராஜா, பொழுது சாயும்வரை தீராத வழக்கு என்றால் பணம் பொக்கிஷத்துக்கு. அதுவும் பாட்டனார் சட்டம்தான்.”

அதில் பத்தில் ஒரு பங்கு அதிகாரிக்கு. அதுவும் சட்டம்தான். அதை அவர் சொல்லவில்லை.

குப்பாயி கூடையைத் தொப்பென்று இறக்கினாள்.

“நல்லாயிருக்கு உங்க நியாயம்! திருடனுக்குக் குடுக்கவா நான் சுமந்துட்டு வந்தேன்? பேசாம முந்தானையில முடிஞ்சுட்டுப் போயிருப்பேன். இனி இந்த ஊர்ல எவளாவது கண்டெடுத்ததைக் கொண்டாந்து குடுப்பாளா?”

ராஜாவுக்குச் சுருக்கென்றது. வரிசையை வெளி முற்றத்துக்கு அனுப்பிவிட்டு, சபையின் விகடன் சாத்தப்பனைப் பார்த்தார்.

“என்னப்பா செய்யலாம்?”

“தமுக்கால் வந்த வினை, மகாராஜா. தமுக்காலேயே போகட்டும். மாசிலாமணி, இன்னொன்று அடி. பச்சைப் பட்டுப் பை, உள்ளே இருநூறு பொன் என்று சொல்.”

“எங்கே அந்தப் பை?” என்றான் மாசிலாமணி. “முப்பது வருஷமா அடிக்கிறேன். பொய்க்குக் கோல் எடுத்ததில்லை. எடுக்கவும் மாட்டேன்.”

“எடுக்க வேண்டாம்” என்ற சாத்தப்பன் ராஜாவின் இடுப்பைப் பார்த்தான். “மகாராஜா, அதை அவிழ்த்துக் கொல்லை வாசலுக்கு வெளியே போட்டுவிட்டு வாருங்கள்.”

“எதை?”

“உங்கள் பையைத்தான். சும்மா போடுங்கள்.”

வேடிக்கை பார்க்கும் ஆசை யாரை விட்டது? முற்றத்தில் நின்றவர்கள் கண்ணில் படாமல் ராஜா போய்ப் போட்டுவிட்டு வந்தார்.

“குப்பாயி, போய் எடுத்து வா.”

“மறுபடியுமா?” என்று தலையில் அடித்துக்கொண்டே போனாள். எடுத்தாள். ஒப்படைத்தாள். எண்ணினார்கள். சரியாக இருநூறு. தமுக்கு முழங்கியது.

“பச்சைப் பட்டுப் பை! உள்ளே இருநூறு பொன்! தொலைத்தவர் வரலாம்!”

“அந்தப் பைக்கு வரிசை அந்தப் பக்கம்!” என்று முற்றத்துக்கு வந்து கத்தினான் சாத்தப்பன். “ஒருவருக்கு ஒரு பைதான்!”

புழுதி கிளம்பியது. “தள்ளுடா, நான்தான் முதல்ல தொலைச்சேன்!” “போடா, நான் முந்தாநாளே தொலைச்சேன்!” புழுதி அடங்கியபோது அந்தப் பக்கம் நாற்பத்திரண்டு பேர். முதல் ஆள் ஏகாம்பரத்தின் மைத்துனன்.

இந்தப் பக்கம் குருந்தன் மட்டும்.

“நீ போகவில்லையா?” என்றான் சாத்தப்பன்.

“அது என்னுது இல்லீங்களே.”

“இருநூறு பொன்னப்பா! சந்தையையே வாங்கலாம்.”

“செத்தது ஒரு மாடுதானுங்க.”

அப்புறம் என்ன கேள்வி? சிவப்புப் பை கைக்கு வந்ததும் குருந்தன் சந்தைக்கு ஓடினான். கும்பிடக்கூட நிற்கவில்லை. ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தார்.

“பலே! சரி, என் பையை இப்படிக் கொடு.”

“எப்படிக் கொடுப்பது, மகாராஜா? அதற்கும் நாற்பத்திரண்டு பேர் உரிமை கேட்கிறார்களே.”

“விளையாடாதே. அது என்னுடையது என்று உனக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியும். சிவப்புப் பை தன்னுடையது என்று குருந்தனுக்கும் தெரிந்துதான் இருந்தது. சட்டம் கேட்டதா? அதோ வரிசை. நீங்கள் நாற்பத்து மூன்றாவது ஆள். கடைசியில் போய் நில்லுங்கள்.”

ராஜா வரிசையைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

“ஏகாம்பரம், வழக்கு தீராவிட்டால் இதில் உமக்கு எவ்வளவு?”

“இருபது பொன், மகாராஜா” என்றார் ஏகாம்பரம், யோசிக்காமல்.

ராஜாவின் மீசை துடித்தது. அடுத்த கணம் வெடித்துச் சிரித்தார். அரண்மனைப் புறாக்கள் எல்லாம் பறந்தன.

மூன்று தலைமுறை நின்ற சட்டம் அந்த இடத்திலேயே விழுந்தது. இனிமேல் கண்டெடுத்தவர் கண் முன்னால் பைக்கு முத்திரை. ‘ஒரு பொருள் கிடைத்தது’ என்பதோடு தமுக்கு நின்றுவிட வேண்டும். மற்றதைத் தொலைத்தவர்தான் சொல்ல வேண்டும். நாற்பத்திரண்டு பேரும் குளத்தைத் தூர் வாரப் போனார்கள். ஏகாம்பரம் எதிர்பார்த்த இருபது பொன்னும் குப்பாயியின் முந்தானைக்குப் போயிற்று.

சட்டத்தைத் திருத்தியவர் ராஜா என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். ராஜாவைத் திருத்தியவன் சாத்தப்பன்.