ஒரே அண்டாவில் ஆறு பல்செட்டு

வைத்தியலிங்கம் கல்லூரியில் முப்பது வருஷம் தத்துவம் நடத்தி ஓய்வு பெற்றவர். அறுபத்திரண்டு வயதில் பொதிகை மலையடிவாரத்தில் ஓர் ஆசிரமத்துக்குச் சீடராக வந்தார். குரு சிவகாமி அம்மைக்கு அவரைவிட இருபது வயது குறைவு. வேதாந்தம் கேட்க வந்தவருக்கு அம்மை கொடுத்த முதல் வேலை, அங்கிருந்த வயதான துறவிகள் ஆறு பேரின் பல்செட்டுகளைக் கழுவிக் கொடுப்பது.

மனிதர் முகம் சுளிக்கவில்லை. ஆனால் மூன்றாம் நாளே படித்த மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. பெயர் ஒட்டிய ஆறு டம்ளர், ஆறு பல்செட்டு. எதற்கு ஆறு தடவை? எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் கொட்டி, ஒரே மூச்சில் தேய்த்து முடித்தார். நிமிர்ந்து காலி டம்ளர்களைப் பார்த்தபோதுதான், எது யாருடையது என்று தெரியாதது உறைத்தது.

எண்பத்து மூன்று வயது தாண்டவராய சாமிக்கு ஈறு புண்ணாகி, மூன்று வாரமாகக் கஞ்சிதான். எலும்பும் தோலுமாகிவிட்டார். புண் ஆறி, அன்று மதியம்தான் மறுபடி பல்செட்டு மாட்டிச் சோறு சாப்பிடப் போகிறார். வேறொருவருடையது ஏறினால் மறுபடியும் புண், மறுபடியும் கஞ்சி. அந்த உடம்பு இனி தாங்காது.

அம்மையிடம் போய் நின்றார்.

"எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுட்டேம்மா."

"ஏன் ஐயா?"

"எல்லாரும் ஒண்ணுதானேன்னு..."

அந்த நேரத்திலும் தத்துவத்தைத்தான் துணைக்கு இழுத்தார். அம்மை கையைக் கழுவிக்கொண்டு அண்டா முன் உட்கார்ந்தார்.

"இது மாசிலாமணி சாமியோடது. வலது பக்கமே மெல்லுவார், அங்க தேஞ்சிருக்கு பாருங்க. இந்தக் கறை வெத்திலைக் கறை, குமரகுரு சாமி. இது போன வருஷம் கீழ விழுந்து ஒட்டினது."

ஒவ்வொன்றாகப் பெயர் பார்த்து டம்ளரில் போட்டார். கடைசியில் இரண்டு மிஞ்சின. வைத்தியலிங்கம் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அம்மை ஒன்றை எடுத்து, கண்ணை மூடி, உள்ளோரத்தில் விரலை ஓட்டினார்.

"இங்கதான் குத்திச்சு. டாக்டர் அரம் வச்சு ராவி விட்ட இடம். இதுதான் தாண்டவராய சாமிக்கு."

பிறகு அந்தக் கிழவரின் வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து ஈறைப் பார்த்தார். ஈரத்துணியால் நாக்கைத் துடைத்துவிட்டு, பல்செட்டைப் பொருத்தினார். தாண்டவராய சாமி ஒரு வாய் சோறு மென்றார். இன்னொரு வாய். அவரைக்காய்ப் பொரியலையும் மென்றார்.

"இன்னும் கொஞ்சம் போடு தாயி," என்றார்.

வைத்தியலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு ஆளிடம் வந்து சேர்ந்தோமே என்றிருந்தது. பந்தி முடிந்ததும் கேட்டார்.

"எல்லாரும் ஒண்ணுன்னு நீங்களும்தானே சொல்றீங்க. இத்தனை வித்தியாசம் எப்படிம்மா கண்ணுல பட்டுது?"

அம்மை இலைகளை எடுத்துக்கொண்டே சொன்னார்.

"ஒண்ணுன்னு தெரிஞ்ச அன்னைக்குத்தான் ஐயா, யாருக்கு எங்க வலிக்குதுன்னு பார்க்க ஆரம்பிச்சேன்."