உருகிய உப்பில் இரண்டு தகடுகள்

ஆய்வுக்கூடத்து உலையில் உப்பு உருகித் தண்ணீராய்க் கிடந்தது. அதில் ஒரே எவர்சில்வர் பாளத்தில் வெட்டிய இரண்டு தகடுகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒன்று ஆசிரியை மெஹர்பானுவுடையது. மற்றது அவருடைய மாணவர் வேதமுத்துவுடையது. மாணவருக்கு ஆசிரியையைவிட வயது அதிகம், பயமும் அதிகம்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. வெயிலின் சூட்டைச் சேர்த்துவைக்கும் மின்நிலையம் ஒன்றில் இதே உப்பு, இதே எவர்சில்வர் எஃகில் செய்த தொட்டியில் தகித்துக்கொண்டிருந்தது. தொட்டி தாங்குமா தாங்காதா என்று வேதமுத்து இன்று சொல்லியாக வேண்டும். அந்தத் தொட்டியடியில்தான் அவருடைய தங்கை கணவர் வேலை பார்க்கிறார்.

"தாங்காது மேடம். உடனே காலி பண்ணச் சொல்லிருவோம்."

"எதை வச்சு சொல்றீங்க?"

வேதமுத்து தன் தகட்டை நீட்டினார். பளபளவென்று இருந்தது. ஆனால் ஓரமெல்லாம் பிளேடு மாதிரி மெலிந்திருந்தது.

"உப்பு அரிச்சிருச்சு."

மெஹர்பானு தன் தகட்டை இடுக்கியால் எடுத்து ஆறவைத்தார். கன்னங்கரேலென்று இருந்தது.

"ஐயோ, இது அதைவிட மோசமா இருக்கே!"

மெஹர்பானு அந்தக் கருப்புப் படிவை மட்டும் கரைக்கும் அமிலத்தில் தகட்டைப் போட்டுக் கழுவி, துடைத்து, தராசில் வைத்தார். முதலில் இருந்த எடை, அநேகமாக அப்படியே இருந்தது. வேதமுத்து நம்பாமல் தானே எடுத்து மறுபடி நிறுத்துப் பார்த்தார்.

"ஒரே உப்பு, ஒரே சூடு. எப்படி மேடம்?"

"உங்க தகட்டுல கருப்பு படியலையா?"

"படியாம? எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் படிஞ்சிருக்கும். பார்த்தாலே பகீர்னு இருக்கும். அதான் தினமும் மணல்தாள் போட்டுத் தேய்ச்சு, பளிச்சுன்னு ஆக்கித்தான் திரும்ப உள்ள விடுவேன்."

"அது எஃகு தானே போட்டுக்கிட்ட சட்டை. உப்பைத் தடுத்துக்கிட்டு நின்னதே அதுதான். நீங்க உரிக்க உரிக்க, தன் உடம்புல இருந்து எடுத்துப் புதுச்சட்டை தச்சிருக்கு."

வேதமுத்து கையிலிருந்த தகட்டைப் பார்த்தார்.

"அப்ப தொட்டி, மேடம்? அதுக்குள்ளயும் கருப்பு படிஞ்சிருக்குமே?"

"படிஞ்சிருக்கும். நல்லவேளை, அதுக்குள்ள உங்க கை எட்டாது."