கனகவல்லி அம்மாளின் நாற்காலி

கோவைக்கு வெளியே ஒரு முதியோர் குடியிருப்பில் நாச்சியார் டீச்சர் தினமும் காலையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யும் உடற்பயிற்சி வகுப்பு நடத்திவந்தார். அந்த வகுப்பை நடத்தும் வித்தையைக் கற்றுக்கொள்ள அவரிடம் வந்து சேர்ந்தவர் ராயப்பன். டீச்சரைவிட வயதில் மூத்தவர். போலீஸ்காரர்களுக்கு டிரில் எடுத்தே ஓய்வு பெற்றவர். அவர் போட்ட சத்தத்தில் பாதிப் பேர் காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டார்கள்.

ஒரு நாள் மனுஷனுக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னால முடியலைங்க டீச்சர். கையைத் தூக்கச் சொன்னா காபி சரியில்லைங்கறாங்க. காலை நீட்டச் சொன்னா மருமக கதை ஆரம்பிக்குது. அதைக்கூடப் பொறுத்துக்கலாம். அந்தக் கனகவல்லி அம்மா இருக்காங்களே! பாதி வகுப்புல வர்றாங்க. முன்வரிசையில உட்கார்றாங்க. ஒரு விரலைக்கூட அசைக்கிறதில்லை. இடமில்லாம ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க. அந்த நாற்காலியை வேற யாருக்காவது கொடுத்துடறேன்."

"கொடுங்க," என்றார் டீச்சர். "நாளைக்கு நீங்களே போய் அவங்களைக் கூட்டிட்டு வந்து, இங்க வெச்சுச் சொல்லிடுங்க. வகுப்பை நான் பார்த்துக்கறேன். வழியில கை மட்டும் கொடுக்காதீங்க."

மறுநாள் விடிந்ததும் ராயப்பன் போய்க் கதவைத் தட்டினார். கனகவல்லி அம்மாள் குளித்து, தலைவாரித் தயாராகத்தான் இருந்தார். ஆனால் செருப்புக்குள் கால் போவதே பெரும்பாடாக இருந்தது. கதவைப் பூட்டினார். மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று மறுபடி திறந்தார். சரிவுப் பாதையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நடப்பார், நிற்பார், மூச்சு வாங்குவார், மறுபடி நடப்பார். ராயப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். தாங்க முடியாமல் கையை நீட்டியேவிட்டார்.

"வேண்டாங் கண்ணு," என்றார் அம்மாள். "எம்பையன் சக்கர நாற்காலி வாங்கி வெச்சிருக்கான். ஒருநா ஒருத்தர் கையைப் புடிச்சன்னா, மறுநா அதுல உக்கார வெச்சுருவாங்க."

அதில் உட்கார்ந்திருந்தால் எப்போதோ போய்ச் சேர்ந்திருக்கலாமே என்று ராயப்பனுக்கு எரிச்சலாக வந்தது.

கூடத்துக்குள் நுழைந்ததும் அம்மாள் தன் நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ராயப்பன் நேரே டீச்சரிடம் போனார்.

"பார்த்தீங்களா? பாதி வகுப்பு போயிருச்சு. இப்பவும் சும்மாதான் உட்கார்ந்திருக்காங்க!"

டீச்சர் அம்மாளைப் பார்த்தார்.

"பயிற்சியை முடிச்சுட்டு உட்கார்ந்திருக்காங்க சார். இப்பப் போய் நாற்காலியைக் கேளுங்க."