ஒரு சாண் இடம்

முன்னொரு காலத்தில் மருதஞ்சோலை நாட்டை வீரகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். அவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். இலையில் தண்டுக்கீரை மசியல் விழுந்தால் மட்டும் ஆள் அடங்கிவிடுவார். அன்றைக்கு அந்த மசியலிலேயே ஒரு பச்சைப் புழு கிடந்தது.

தோட்டக்காரி சடைச்சியைச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"வேண்டுமென்றே செய்திருக்கிறாள், பிரபு!" என்றார் தோட்டத்தை மேற்பார்க்கும் பூபாலராயர். மந்திரி பதவியில் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். "பாத்தியில் இளங்கீரையைப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுபோவாள். திருட்டு என்று தடுத்தேன். அந்த வன்மம்தான்!"

"திருட்டு இல்ல சாமி. நெருக்கமா மொளச்சதப் பிடுங்கி, செடிக்கு எடம் விட்டுக் கலைக்கிறோம். கலைச்ச கீரை தோட்டக்காரிக்குங்கறது வழக்கம்" என்று அழுதாள் சடைச்சி.

"புழு வைத்த கையை வெட்டுங்கள்!" என்று கத்தினார் ராஜா.

மந்திரி அறவாழி காலையில்தான் அந்தப் பாத்தியைப் பார்த்திருந்தார். விரல் நுழைய இடமில்லை. ஆனால் கலைக்கக் கூடாதென்று ராயர் வாங்கிய உத்தரவில் ராஜாவின் முத்திரை இருந்தது. அது தப்பு என்று நேரே சொன்னால் தன் கையும் போகும்.

"மகாராஜா, அதற்குமுன் ஒரு விளையாட்டு. தங்கள் முத்திரை மோதிரத்தைக் கொடுங்கள். சபையோர் தோளோடு தோள் நெருங்கி நிற்கட்டும். மோதிரம் கைமாறிக்கொண்டே போகும். தாங்கள் பிடித்துவிட்டால் என் கையையும் சேர்த்து வெட்டலாம்."

விளையாட்டு என்றால் ராஜா விடுவாரா? சுற்றிச் சுற்றி வந்தார். முண்டியடித்து நின்ற கூட்டத்தில் எந்தக் கை கொடுத்தது, எந்தக் கை வாங்கியது, ஒன்றும் தெரியவில்லை.

"போதும்! மோதிரம் யாரிடம்?"

யாரும் மோதிரத்தை எடுத்துக் காட்டவில்லை. இதை அறவாழி எதிர்பார்க்கவேயில்லை.

"ராஜமுத்திரையையே தொலைத்துவிட்டாரே நம் மந்திரி!" என்று இளித்தார் பூபாலராயர். ராஜாவின் கை வாளுக்குப் போனது.

"எல்லோரும் ஒரு கை தூரம் விலகி நில்லுங்கள்!" என்றார் அறவாழி.

விலகினார்கள். அப்போது பூபாலராயர் மெல்லக் கையை நீட்டி, பக்கத்து ஆளின் மடியில் எதையோ போடப் பார்த்தார். நடுவில் இடம் வெறுமையாகக் கிடந்ததால் சபை முழுக்க அதைப் பார்த்துவிட்டது. ராஜா பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தார். மோதிரம் தரையில் உருண்டது.

அறவாழி மோதிரத்தை எடுத்து ராஜாவிடம் நீட்டினார். "கீரைப் பாத்தியும் இப்படித்தான், மகாராஜா. இலையோடு இலை ஒட்டிக்கிடந்தால் புழு வெளியே தலைகாட்டாமலே செடிக்குச் செடி போய்விடும். தேடி வரும் குளவிக்கும் குருவிக்கும் சிக்காது. இடம் விட்டால் அவை கொத்திக்கொண்டு போய்விடும். ராயர் கலைக்க விடவில்லை."

ராஜாவின் முகம் சிவந்தது. "இனி ராயரே பாத்தியில் குந்திக் கலைக்கட்டும். கலைத்த கீரையைத் தலையில் சுமந்து இவள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கட்டும்!"

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா சடைச்சியின் பக்கம் திரும்பினார். "செடிக்குச் செடி எவ்வளவு இடம் விட வேண்டும், அம்மா?"

சடைச்சி தரையில் குந்தி, கையை அகல விரித்து வைத்தாள். "இம்புட்டு, மகாராசா. ஒரு சாண்."

வெட்டச் சொன்ன அந்தக் கையையே ராஜா பார்த்துக்கொண்டு நின்றார்.