தாய்ச் சிறுநீரகம் போட்ட கோலம்

அந்தக் காலத்தில் உடம்புக்குள் இருக்கிற ஈரல், குடல், சிறுநீரகம் எல்லாம் மனுஷரைப் போல வாய்விட்டுப் பேசிக்கொள்ளும். ஒவ்வொன்றும் தன் வாசலில் அந்த உடம்புக்குரிய கோலத்தைப் போட்டு வைக்கும். இரத்தத்தில் சுற்றிவரும் காவல்காரர்கள் கோலத்தைப் பார்த்துத்தான் இது நம்ம ஆள், இது அசலார் என்று கண்டுகொள்வார்கள்.

மாரிக்கனி என்கிற கைப்பிள்ளைக்காரிக்கு இரண்டு சிறுநீரகமும் வதங்கிப் போயின. அவள் அம்மா வடிவு தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். வைத்தியர் அதை மகளின் அடிவயிற்றில் வைத்துத் தைத்தார். காவல்காரர்கள் அரைத்தூக்கத்திலேயே கிடக்க மாத்திரையும் கொடுத்தார்.

மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் வந்து தங்கிய தாயைப் போல அந்தச் சிறுநீரகம் கூசிக் கூசி இருந்தது. இருக்கிற இடம் தெரியாமல் இரத்தத்தைக் கழுவிக்கொண்டே இருக்கும்.

"சம்பந்தியம்மா, கொஞ்சம் உக்காருங்க. விருந்தாளியா வந்த இடத்துல இப்படியா மாடா உழைக்கிறது?" என்று ஈரல் கேலி பண்ணும்.

"இருக்கட்டும் மதினி. பேரன் பள்ளிக்கூடம் கிளம்புற சத்தத்தைக் கேட்டுட்டேன்னா எனக்குப் போதும்."

"அது சரி, உங்க வாசல்ல பாதிக் கோலம்தான் நம்ம கோலம். மீதி வேற மாதிரியில்ல இருக்கு?"

"நான் மகளுக்குக் கொடுத்தது பாதிதான். அவளோட மறுபாதி அவ அப்பா கொடுத்தது. அது எனக்குத் தெரியாதே. யார்கிட்டயும் சொல்லிராதீங்க மதினி."

"நான் ஏன் சொல்லப் போறேன்? மாத்திரை மயக்கத்துல அவனுங்களுக்குப் பாதி தெரிஞ்சாலே பெருசு."

மாரிக்கனியின் கால் வீக்கம் வடிந்தது. பிள்ளை நடந்தான், பேசினான். சிறுநீரகத்துக்குப் பயம் கொஞ்சம் விட்டுப்போயிற்று.

அப்புறம் ஒரு மழைக்காலத்தில் மூத்திரப் பாதை வழியாகக் கிருமிகள் ஏறி வந்தன. மாரிக்கனிக்குக் காய்ச்சல் கொதித்தது. பிள்ளை அவள்மேல் விழுந்து அழுதான். காவல்காரர்கள் அசையவில்லை.

"கூப்பிடாதீங்க சம்பந்தி. வந்தா வாசலைப் பாத்துருவாங்க" என்றது ஈரல்.

"கூப்பிடலைன்னா என் மக போயிருவாளே."

அதுவரை குரல் உயர்த்தாத சிறுநீரகம் உடம்பே அதிரக் கத்தியது. "ஐயா, ஓடி வாங்க!"

கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்கள். கிருமிகளை அடித்துக் கொன்றார்கள். காய்ச்சல் விட்டது. திரும்பும்போது காவல் தலைவன் குனிந்து வாசலைப் பார்த்தான்.

"இந்தப் பாதி யார் போட்டது?"

"நான்தான் ஐயா. மகளுக்காக வந்தவ."

"அழிச்சிட்டு எங்க கோலத்தைப் போடு."

அழித்தது. போட்டது. பழைய கோலமே வந்தது. மறுபடி அழித்தது, மறுபடி அதுவே வந்தது. அதன் கைக்கு வேறொன்று வரவில்லை.

"இத்தனை காலமும் இந்த உடம்பைத்தானே ஐயா கழுவுறேன்?"

"உழைப்பை யார் கேட்டா தாயி? நாங்க கேக்கிறது கோலத்தை."

அவன் குரலில் கோபமே இல்லை. சிறுநீரகத்துக்கு அதுதான் நடுக்கமாக இருந்தது.

மாத்திரை அவர்களை மறுபடி மயக்கியது. ஆனால் தூக்கத்திலும் அந்தப் பாதிக் கோலம் அவர்களுக்கு மறக்கவில்லை. பின்னால் பிறந்த காவல்காரர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். யாரும் அடிக்கவில்லை. போகிற வருகிற போக்கில் ஆளுக்கொரு பிடி மண்ணை அதற்கு இரத்தம் வரும் வாய்க்காலில் போட்டுவிட்டுப் போனார்கள். வாய்க்கால் குறுகித் தழும்பாய் இறுகியது. மாரிக்கனிக்கு வலியே தெரியவில்லை. வேளை தவறாமல் மாத்திரை தின்றுகொண்டிருந்தாள்.

பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைக்கக் கொடுத்த வாரம், அவள் கால் செருப்புக்குள் நுழையவில்லை.

"மதினி, பேரன் கிளம்பிட்டானா?" என்று வற்றிய குரலில் கேட்டது சிறுநீரகம்.

ஈரலுக்குக் கேலி வரவில்லை. "இல்லம்மா. சட்டை இன்னும் தைச்சு வரலை."

கழுவிக்கொண்டே இருந்த சிறுநீரகம் அத்தோடு நின்றுபோயிற்று.

அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்த வழக்கம். பெற்ற தாயே கொடுத்தாலும், மாத்திரையை ஒருவேளைகூட விடாமல் தின்றாலும், காவல்காரர்கள் கண்ட கோலத்தை மறப்பதில்லை. வந்த சிறுநீரகம் சத்தமில்லாமல் வற்றிக்கொண்டேதான் போகிறது.